இரண்டு உலகத்து இல்கியா

ஷோப்ரோன், ஹங்கேரி
11 பிப்ரவரி 1974

மதிப்பிற்குரிய முனைவர் சனாடி காஷ்பார் அவர்களுக்கு,

"ஃபெர்ட்டூ ஏரியின் கிழக்குக் கரைச் சோடாக் குட்டைகளில் ஒரு புதிய நுண் பிராணி" என்ற தலைப்பில் தாங்கள் 1959ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையின் தனிப்படி ஒன்றை அனுப்பித் தந்தால் நன்றியுடையவளாவேன். அந்த ஆஸ்திரிய இதழ் எங்கள் நூலகத்தில் இல்லை.

ஏரியில் வாழும் உயிரினங்கள் அனைத்தின் பட்டியலை இரு நாட்டு ஏரி ஆணையத்துக்காகத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருக்கிறது. ஆகவே இது முழுக்க முழுக்க அலுவல் சார்ந்த வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஹர்மத் லென்கே
தாவரவியல் பிரிவு

பி.கு. தனிப்படி கேட்கும் அச்சடித்த அட்டைகள் தீர்ந்துவிட்டன. அதனால்தான் கடிதம். வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.


இல்மிட்ஸ், ஆஸ்திரியா
24 பிப்ரவரி 1974

மதிப்பிற்குரிய லென்கே,

கேட்ட கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். ஐம்பது படி அடித்தேன், நாற்பத்தொன்று இன்னும் என் அலமாரியில் தூங்குகிறது. உலகமே போட்டி போட்டுக்கொண்டு கேட்கும் கட்டுரை இது என்று நீங்கள் நினைத்திருந்தால் மன்னிக்கவும்.

கட்டுரையைப் பிரித்ததும் முதல் வரியிலேயே அந்தப் பெயரைப் பார்ப்பீர்கள். இல்கியா. கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏரியின் இந்தக் கரைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தக் கரைக்கு ஒரு ரொட்டித் துண்டுகூட அனுப்ப முடியாத காலம் அது. இல்கா அத்தைக்கு நன்றி சொல்ல என்னிடம் வேறு என்ன இருந்தது? ஒரு பிராணி இருந்தது, அதற்கு வைத்தேன். பெயருக்கான காரணத்தைக் கேட்கும் இடத்தில் "ஒரு சமையற்காரரின் நினைவாக" என்று மட்டும் எழுதினேன். என்னால் அவருக்குத் தொந்தரவு வரக்கூடாது என்றுதான்.

அவர் இருக்கிறாரா? இருந்தால் ஒரு வரி எழுதுங்கள்.

அட்டைகள் தீர்ந்துவிட்டனவா? 1955இல் நாம் இருவரும் சேர்ந்து ஆயிரம் அட்டை அடித்தோமே. இவ்வளவு தனிப்படியா கேட்டிருக்கிறீர்கள்?

காஷ்பார்


ஷோப்ரோன்
6 மார்ச் 1974

காஷ்பார் அவர்களுக்கு,

இல்கா இருக்கிறாள். எழுபத்தொன்பது வயது. ஷாரோட் கிராமத்தில் அதே வீடு. ஒரு கண் போய்விட்டது, நாக்கு போகவில்லை. உங்கள் பெயரை மட்டும் அவள் முன்னால் எடுக்கக்கூடாது. எடுத்தால் அடுப்பில் இல்லாத சட்டியை இறக்கப் போய்விடுவாள். பதினெட்டு வருடமாக அப்படித்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையைக் கேட்டதே ஒரு சந்தேகத்தில்தான். அந்தச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

1961இல் நானும் ஒரு பாசியை விவரித்தேன். ஷாரோட் சோடாக் குட்டையில் ஆகஸ்டு மாதம் எடுத்தது. உவர்நீரில் வளர்வது, பொன்பழுப்பு நிறம், கூழுக்குள் அசையாமல் உட்கார்ந்து வெயிலைத் தின்னும் செடி. அதற்கு நான் வைத்த பெயரும் இல்கியா. ஆம், அதே சமையற்காரிக்கு. 1946இல் ஆய்வு நிலையத்தின் சமையலறையில் வெறும் சீரகச் சூப்பை வைத்துக்கொண்டு நம் இருவரையும் சாகாமல் காப்பாற்றியவள் உங்களுக்கு மட்டும் சொந்தமா?

நீங்கள் வைத்தது எனக்குத் தெரியாது, நான் வைத்தது உங்களுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? பிராணிக்காரர்கள் எங்கள் பெயரடைவைத் திறப்பதில்லை, நாங்கள் உங்களுடையதைத் தொடுவதில்லை. அதனால் தொல்லையும் இருக்கவில்லை. தாவர உலகத்தில் ஒரு இல்கியா, விலங்குலகத்தில் ஒரு இல்கியா. உலகத்துக்கு ஒன்று என்றால் பெயரிடும் சட்டம் கேள்வி கேட்காது. பதின்மூன்று வருடம் இரண்டும் நிம்மதியாக இருந்தன.

இப்போது ஆணையம் புதுப் பாணியில் பட்டியல் கேட்கிறது. செடி, பிராணி என்ற இரண்டு உலகம் போதாதாம், ஐந்து வேண்டுமாம். காளானுக்குத் தனி உலகம், பாக்டீரியாவுக்குத் தனி உலகம். உங்களுடையது, என்னுடையது போன்ற ஒற்றைச் செல் ஜீவன்கள் எல்லாம் புரோட்டிஸ்டா என்ற ஒரே உலகத்துக்குள். அது சரியான ஏற்பாடு என்றே நானும் நினைக்கிறேன், அதுதான் எரிச்சல். ஒரே உலகத்தில் இரண்டு பேரினத்துக்கு ஒரே பெயர் இருக்க முடியாது. பிந்தியது விழவேண்டும். உங்களுடையது 59, என்னுடையது 61.

என் கட்டுரையின் முதல் பக்கம் கண்ணாடி போட்டு இல்காவின் சமையலறைச் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. தபால்காரரிலிருந்து பாதிரியார் வரை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். "இது நான்தான், ஏரியில இருக்கேன்" என்பாள். ஜூன் 30க்குள் பட்டியலைக் கொடுத்தாகவேண்டும். அதற்குப் பிறகு நான் அவளிடம் போய் என்ன சொல்வது? இது நீ இல்லை அத்தை, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனவன் வைத்ததுதான் நீ என்றா?

ஒரு புதன்கிழமை காலை அரை மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்கத் தெரியாத மனிதர், பெயர் வைப்பதில் மட்டும் இரண்டு வருடம் முந்திக்கொண்டீர்கள்.

பதில் எழுதுவதாக இருந்தால் 57இல் எழுதியதுபோல "நலமா" என்று ஒரு வரி எழுத வேண்டாம்.

லென்கே


இல்மிட்ஸ்
19 மார்ச் 1974

லென்கே,

உன் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். "நீங்கள்" என்று எழுத எனக்கு இனி வராது. உனக்கு வருமென்றால் எழுதிக்கொள்.

அந்த 57ஆம் வருடத்து அட்டை உனக்குக் கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றுதான் இவ்வளவு காலம் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். "நலமா" என்பதற்கு மேல் எழுதினால் அதைப் படிக்கும் மூன்றாவது ஆளுக்கு விருந்து, உனக்குத்தான் வினை. அதனால் எழுதவில்லை. என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லாமலா எழுதவில்லை என்று நினைத்தாய்?

புதன்கிழமையைப் பற்றி. நாணல் வெட்டுபவர்களின் வாய்க்காலில், மூன்றாவது திருப்பத்தில், காலை ஏழு மணி. ரஷ்ய டாங்கிகள் உள்ளே வந்த அந்த 1956 நவம்பரில், இருவரும் சேர்ந்து எல்லை தாண்டுவதென்று அப்படித்தான் பேசிக்கொண்டோம். நான் ஆறரைக்கே போய்விட்டேன். பனிமூட்டம். நாணல் வெட்டும் ஃபெரென்ஸ் படகில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஏழு ஆயிற்று, எட்டு ஆயிற்று. "பொண்ணு வரமாட்டா தம்பி. வர்றவ எட்டு மணி வரைக்கும் யோசிக்கமாட்டா" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். பதினொன்றரை வரை இருந்தார். கரையில் ரோந்து நாய் குரைக்கத் தொடங்கியதும் துடுப்பைப் போட்டார். நான் குதித்திருக்கலாம், குதிக்கவில்லை. இதைப் பதினெட்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

நீ வரவில்லை. ஏரியையும் என்னையும் தராசில் வைத்துப் பார்த்திருப்பாய், ஏரி கனத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். குறை சொல்லவில்லை. நானே தராசைப் பிடித்திருந்தாலும் அப்படித்தான் காட்டியிருக்கும்.

இல்கியாவைப் பற்றிக் கவலைப்படாதே. என்னுடையதை நான் வாபஸ் வாங்குகிறேன். "பெயர் வைத்தது தவறு, நீக்கிவிடவும்" என்று இரண்டு வரி எழுதி இதழுக்கு அனுப்பினால் முடிந்தது. இல்கா அத்தையின் சுவரில் இருப்பது அங்கேயே இருக்கட்டும். எனக்கு அவர் சுவரும் இல்லை, உன் சுவரும் இல்லை.

காஷ்பார்


ஷோப்ரோன்
2 ஏப்ரல் 1974

காஷ்பார்,

சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன் என்று உன்னைச் சொல்வார்கள். கரைத்தாய், குடிக்கவில்லை போலிருக்கிறது. வைத்த பெயரை வைத்தவனே திரும்ப வாங்க முடியாது. பொருத்தமில்லை என்று தோன்றினாலும், பிடிக்காமல் போனாலும், பெயருக்கு உரியவளோடு சண்டை வந்தாலும் முடியாது. அச்சில் ஏறியது ஏறியதுதான். பிராணிச் சட்டமும் செடிச் சட்டமும் எத்தனையோ விஷயத்தில் எலியும் பூனையுமாக இருந்தாலும் இந்த ஒன்றில் ஒரே வாய். ஆகவே தியாகி வேடத்தைக் கழற்றி வை.

இப்போது நான் சொல்வதைக் கேள். நான் வந்தேன்.

நவம்பர் மாதத்து நாணல் சேற்றில் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் பத்து அடி நடக்க முடியுமா? அன்று காலை ஐந்தரைக்கு எழுந்தேன், வாசலில் என் பூட்ஸ் இல்லை. கட்டிலடி, விறகுக் கொட்டகை, ஆய்வுக்கூடம், படகுத்துறை, எங்கும் இல்லை. இல்காவும் என்னோடு சேர்ந்து தேடினாள். "ராணுவத்தான் எவனாவது தூக்கிட்டுப் போயிருப்பான், இந்த நாள்ல பூட்ஸ் யாருக்குத்தான் வேண்டாம்" என்றாள். இரண்டரை மணி நேரம் தேடினேன். கடைசியில் ஞாயிற்றுக்கிழமைச் செருப்போடு கிளம்பினேன். வரப்பில் ஒரு செருப்பு போயிற்று, வாய்க்காலுக்கு முன்னால் இன்னொன்று. பூட்ஸோடு ஒரு மணி நேர வழி, அன்று நான்கு மணி நேரம் ஆயிற்று. மூன்றாவது திருப்பத்துக்கு வந்தபோது கோயில் மணி நண்பகல் அடித்தது.

நாணலை மிதித்து வைத்திருந்த இடத்தில் பூசணி விதைத் தோல் ஒரு குவியலாகக் கிடந்தது. பதற்றம் வந்தால் நீ விதையைக் கொறித்துக் கொறித்துத் துப்புவாய். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாய் என்று அந்தக் குவியலே சொன்னது. மேலே கிடந்த தோலில் ஈரம் இன்னும் காயவில்லை, நீ போய் அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். நீ காத்திருந்தாய் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும், காஷ்பார். ஆனாலும் கோபித்துக்கொள்ள எனக்கு ஏதாவது வேண்டியிருந்தது. அந்த அரை மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். உன் அட்டை வந்தபோதும் அதே கோபத்தில்தான் பதில் எழுதவில்லை. அது என் தப்பு. ஒரு தடவைதான் சொல்வேன்.

போகட்டும். வேலை.

உன் கட்டுரையின் படத்தைப் பத்து முறை பார்த்துவிட்டேன். நிறமில்லாத ஒரு செல், நீந்துவதற்கு வால்போல இரண்டு கசையிழை, பாக்டீரியாவை விழுங்குகிறது. பிராணிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி போட்டு "உணவு மிச்சம்" என்று எழுதியிருக்கிறாய். அந்தப் புள்ளி எனக்குப் பிடிக்கவில்லை. உணவு மிச்சம் எல்லாச் செல்லிலும் ஒரே இடத்தில் இருக்குமா?

ஷாரோட் குட்டையின் உலர்ந்த மண்ணைக் கொஞ்சம் வடிதாளில் மடித்து இத்துடன் வைக்கிறேன். போன ஆகஸ்டில் எடுத்தது. எல்லைப் பகுதி என்பதால் வருடத்தில் ஆகஸ்டு மாதம் மட்டும்தான் எனக்கு அங்கே அனுமதி. உறையின் மேல் "மண், விலைமதிப்பு இல்லை" என்று எழுதியிருக்கிறேன். நனைத்துப் பார். இரண்டும் வெவ்வேறு ஜீவன் என்று நீ நிரூபித்தால் என்னுடையதற்கு வேறு பெயர் தேடத் தொடங்குகிறேன். இல்காவிடம் சொல்லும் வழியையும் தேடவேண்டும்.

லென்கே


இல்மிட்ஸ்
22 மே 1974

அன்புள்ள லென்கே,

உறையை யாரோ பிரித்துப் பார்த்து ஒட்டியிருந்தார்கள். மண்ணை முகர்ந்தும் பார்த்திருக்கவேண்டும், மடிப்பு கலைந்திருந்தது. பாவம், எல்லையைக் காக்கிறவருக்குக் கிடைத்த வாசனை இதுதான்.

மழைநீரில் ஒரு சிட்டிகைச் சோடாவைக் கரைத்து மண்ணின் மேல் ஊற்றினேன். நான்காம் நாள் காலை நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது என் பிராணி. உன் மண்ணிலிருந்து. நிறமில்லை, இரண்டு கசையிழை, பாக்டீரியாவைக் கண்டால் அரைப் பட்டினிக்காரன் மாதிரி பாய்ச்சல். சரி, உன் குட்டையிலும் என் ஆள் இருக்கிறான், அவ்வளவுதானே என்று நினைத்தேன். கொஞ்சம் கர்வமும் வந்தது.

மறுநாளே பறவைக் கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது. இங்கே ஏப்ரல் பாதியிலிருந்து எங்கள் எல்லோரையும் நாரை எண்ண அனுப்பிவிடுவார்கள். கிண்ணத்தைக் கழுவ நேரமில்லை. ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மறந்துபோனேன். இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தால் கிண்ணத்தின் வெயில் படும் பக்கத்தில் பொன்பழுப்பாகத் திட்டுத் திட்டாக ஏதோ ஒட்டியிருந்தது. சுரண்டி வைத்துப் பார்த்தேன். கூழுக்குள் அசையாமல் உருண்டையாக உட்கார்ந்திருந்தது உன் செடி.

முதலில் நம்பவில்லை. உன் மண்ணில் இரண்டும் கலந்திருக்கும் என்று நினைத்தேன். அதனால் மறுபடி நனைத்து, ஒரே ஒரு நீந்தியை மட்டும் மெல்லிய குழாயில் உறிஞ்சித் தனிக் கிண்ணத்தில் விட்டேன். ஏழு கிண்ணத்தில் செய்தேன், ஏழிலும் அதே கதை. தீனி கிடைத்து வெயில் இல்லாவிட்டால் நீந்துகிறது, விழுங்குகிறது. வெயில் வந்து தீனி குறைந்தால் அந்தச் சின்னப் புள்ளி பருத்துப் பொன்னிறமாகி உடம்பை நிறைக்கிறது. பிறகு கசையிழையை உதிர்த்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறது. நேற்றுக் காலை நடுவழியில் ஒன்றைப் பிடித்தேன். வயிற்றில் விழுங்கிய பாக்டீரியா, பக்கத்திலேயே செடியைப் போல வெயிலில் உணவு சமைக்கும் பொன்னிறப் பசுங்கணிகம், இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறது. செடியா பிராணியா என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்?

என் "உணவு மிச்சம்" அதன் பசுங்கணிகம், லென்கே. பதினைந்து வருடம் அதை எச்சில் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பனி உருகும் மார்ச்சில் மட்டும் நான் பார்த்தேன், ஏனென்றால் ஏப்ரலில் நாரை. அனுமதி கிடைக்கும் ஆகஸ்டில் மட்டும் நீ பார்த்தாய். இருவரில் ஒருவராவது இன்னொருவர் மாதத்தில் எட்டிப் பார்த்திருந்தால் இரண்டு இல்கியா பிறந்தே இருக்காது.

ஆக, எதுவும் விழவேண்டாம். இரண்டும் ஒன்று. முந்திய பெயர் நிற்கும், அதுவும் இல்கியாதான். உன்னுடையது அதற்குள் சேர்ந்துகொள்கிறது. நாம் இருவரும் சேர்ந்து புதிதாக விவரித்துத் திருத்தி எழுதுவோம். பேரினப் பெயருக்குப் பின்னால் விவரித்தவர் பெயரைப் போடும் இடத்தில் என் பெயரும், திருத்தியவர்கள் இடத்தில் ஹர்மத், சனாடி என்று இரண்டு பெயரும் வரும். உன்னுடையதை முதலில் போட்டிருக்கிறேன். பெண்களுக்கு முதலிடம் என்று சொல்லிவிடுவேன், யாராவது கேட்டால்.

வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். இல்கா அத்தையிடம் நீயே சொல்.

காஷ்பார்

பி.கு. நம் இரண்டு பெயரும் ஒரே வரியில் வரும் என்று எழுதிவிட்டு அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லக்கூடாது என்று இருந்தேன்.


ஷோப்ரோன்
3 ஜூன் 1974

காஷ்பார்,

வரைவு சரியாக இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் அளவு ஒன்று தப்பு, திருத்தியிருக்கிறேன். படித்துவிட்டுச் சமையலறையில் தனியாகச் சிரித்தேன். கொஞ்சம் அழுகையும் வந்தது, இரண்டும் கலந்து. நல்ல கடிதம் அது. இதற்குமேல் நல்லது எழுத இன்று என்னால் ஆகாது.

நேற்று பெந்தெகொஸ்தே ஞாயிறு. காலைப் பேருந்தில் ஷாரோட் போனேன். இல்கா கசகசா போட்ட சேமியா செய்து வைத்திருந்தாள். சாப்பிடுவதற்கு முன்பே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உன் பெயரைச் சொன்னதும் வழக்கம்போல அடுப்பைப் பார்த்துத் திரும்பினாள். விடவில்லை. அவனும் உன் பெயரைத்தான் வைத்திருக்கிறான் அத்தை, அக்கரையில் உட்கார்ந்துகொண்டு, உனக்கு ஒரு துண்டு ரொட்டி அனுப்ப முடியவில்லையே என்று வைத்திருக்கிறான், உனக்கு முதலில் பெயர் வைத்தது அவன்தான் என்றேன்.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "அவன் எதுக்கு எனக்கு வைக்கணும்?"

நன்றிக்காக என்றேன்.

எழுந்தாள். எழுபத்தொன்பது வயதில் பரண் ஏணியில் ஏறினாள், நான் கத்தக் கத்த. கீழே இறங்கும்போது கையில் செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய ஒரு மூட்டை. மேசையில், சேமியாச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். செய்தித்தாளின் தேதி 1956 அக்டோபர். நூலை நான்தான் அவிழ்த்தேன். உள்ளே என் பூட்ஸ்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அழாமல் எழுதவேண்டும்.

"சோப்பு காய்ச்சுற அண்டாவுக்குள்ள வெச்சேன்டி. நீ எல்லாத்தையும் திறந்து பாத்தே, அதை மட்டும் திறக்கல. உன்கூடச் சேர்ந்து நானும் தேடினேன். என் புருஷன் ரஷ்யாவுல டோன் ஆத்துப் பக்கம் சண்டைக்குப் போனான், வரல. என் தம்பி போனான், வரல. போனவன் எவனும் திரும்பல. நீ ஒருத்திதான் மிச்சம். ஒரு நாள் தாமசமானா மனசு மாறிடுவேன்னு நெனச்சேன். அவனும் உன்னை விட்டுட்டுப் போகமாட்டான், திரும்பி வந்திடுவான்னு நெனச்சேன். அவன் போயிட்டான்."

பிறகு சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "என் பேரை அதுலேர்ந்து அடிச்சிடு. அவனுதுலேர்ந்தும் அடிக்கச் சொல்லு. ரெண்டு பேரும் தெரியாம வெச்சுட்டீங்க."

நான் சாப்பிடவில்லை. கண்ணாடிச் சட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, பூட்ஸை எடுத்துக்கொண்டு அடுத்த பேருந்தில் வந்துவிட்டேன். வாசலில் நின்றுகொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. பதினெட்டு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். காய்ச்சலில் அவளைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறேன். அத்தனை ஞாயிறும் அந்த மூட்டை என் தலைக்கு மேலே பரணில் இருந்திருக்கிறது.

என்னால் அவளை மன்னிக்க முடியுமா என்று தெரியவில்லை. மன்னிக்காமல் இருக்க முடியுமா என்றும் தெரியவில்லை. ஜூன் 30க்கு நான்கு வாரம் கூட இல்லை. பட்டியலில் அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். வேறு பெயராக வைத்துவிடலாமா? நீ சொல். இழந்தது நானும் நீயும். நான் மட்டும் முடிவு செய்யக்கூடாது.

பூட்ஸின் அடியில் சேறு காய்ந்து அப்பியிருந்தது. அந்த வாரம் குட்டைக்குப் போனபோது ஒட்டியதாக இருக்கவேண்டும். கத்தியால் சுரண்டி இத்துடன் வைத்திருக்கிறேன். எதற்கு அனுப்புகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தூக்கி எறிய மனம் வரவில்லை.

லென்கே


இல்மிட்ஸ்
22 ஜூன் 1974

என் லென்கே,

உன் கடிதம் 11ஆம் தேதி வந்தது. அன்று ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்தேன், கை தவறி அல்ல. மறுநாள் ஏரிக்கரையில் நாணல் முடியும் இடம் வரை நடந்து உங்கள் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இல்காவைத் திட்டினேன். ஹங்கேரிய மொழியில் வசவுக்குப் பஞ்சமில்லை, தெரிந்ததை எல்லாம் சொன்னேன். தீர்ந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது.

1946 பிப்ரவரி. ரொட்டிக்கு வழியில்லாத மாதம். நம் இரண்டு தட்டிலும் ரொட்டித் துண்டு இருக்கும், அவள் தட்டில் சூப் மட்டும் இருக்கும். "எனக்கு ரொட்டி ஒத்துக்காது, வயிறு உப்புசம்" என்பாள். நாம் நம்பினோம். இருபத்தோரு வயதில் பசிக்கிறவன் எதையும் நம்புவான். வசதி வந்த பிறகு ரொட்டி தின்று அவளுக்கு எப்போதாவது வயிறு உப்பியதாக உனக்குத் தெரியுமா? அன்றைக்கும் பொய்தான் சொன்னாள். அதே வாய், அதே முகம். தன் ரொட்டியை ஒளித்து நமக்குக் கொடுத்தவளும் உன் பூட்ஸை ஒளித்தவளும் ஒரே ஆள்தான், லென்கே. நாம் வருடத்தில் ஒரு மாதம் மட்டும் பார்த்துவிட்டுப் பெயர் வைத்தோம்.

எனக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். போகாது. பதினெட்டு வருடத்தை யாரும் பரணிலிருந்து இறக்கிக் கொடுக்க முடியாது. ஆனால் நீ அவளைத் திரும்பிப் பார்க்காமல் வந்தாய் என்று எழுதிய வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவள் வாசலில் இன்னும் நின்றுகொண்டிருப்பதாகவே தோன்றுகிறது.

நீ கேட்டதற்குப் பதில். முடியாது. சட்டத்தை எனக்கு எடுத்துச் சொன்னவளே நீதான், ஏப்ரல் 2ஆம் தேதிக் கடிதம், முதல் பத்தி. வைத்த பெயரை வைத்தவனே திரும்ப வாங்க முடியாது. பொருத்தமில்லை என்று தோன்றினாலும், பிடிக்காமல் போனாலும், பெயருக்கு உரியவளோடு சண்டை வந்தாலும். அவளே வந்து கேட்டாலும் முடியாது என்று நான் சேர்த்துக்கொள்கிறேன். இரண்டு சட்டமும் ஒரே வாய் என்று நீதான் சொன்னாய். இதை அவளிடம் போய்ச் சொல். இது கிடைத்ததும் வரும் முதல் ஞாயிறே போ. அந்தக் கண்ணாடிச் சட்டத்தை அதே ஆணியில் நீயே மாட்டு. மாட்டிவிட்டுச் சாப்பிடு. பேசவேண்டாம், சாப்பிட்டால் போதும், அவளுக்குப் புரியும்.

கையெழுத்துப் போட்ட கட்டுரையை இத்துடன் அனுப்புகிறேன். காலியாக விட்ட வரியை நிரப்பிவிடு.

இனி, பூட்ஸ் சேறு.

வந்த அன்றே நனைத்தேன். பதினெட்டு வருடம் காய்ந்த மண்ணிலிருந்து ஏதாவது எழும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நான்காம் நாள் ஒன்றுமில்லை. ஆறாம் நாளும் ஒன்றுமில்லை. எட்டாம் நாள் கிண்ணத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு குழாய் வரை போனேன். என்னவோ, திரும்பி வந்து ஜன்னலிலேயே வைத்தேன். இன்று பதினோராம் நாள். காலையில் பார்த்தபோது ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. சுற்றத் தெரியாமல் ஒரு பக்கமாக நீந்திக்கொண்டிருந்தது. மதியம் மறுபடி பார்த்தேன், வயிற்றில் ஒரு பாக்டீரியா. சாப்பிட்டுவிட்டது.

நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். பத்து நாளில் முதல் முறையாகப் பசித்தது.

விசாவுக்கு நேற்று எழுதிப் போட்டுவிட்டேன். கிடைத்தால் ஆகஸ்டு 17 சனிக்கிழமை வருகிறேன். மறுநாள் அவள் பெயர்நாள், அவள் பெயர்கொண்ட புனிதையின் திருநாள், நினைவிருக்கிறதா? அவளுக்குப் பூ வாங்கி வருவேன், திட்டவும் திட்டுவேன். முதலில் எதுவென்று முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். திங்கள்கிழமை உன் அனுமதிச் சீட்டில் எனக்கும் ஒரு இடம் கேட்டு வை. ஆகஸ்டு மாதத்தில் அந்தக் குட்டை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. காட்டு. மார்ச்சு எப்படி இருக்கும் என்று நான் உனக்குக் காட்டுகிறேன், அதற்கு நீ இந்தக் கரைக்கு வரவேண்டியிருக்கும்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பலாம். பூட்ஸை மட்டும் இந்த முறை தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கு.

காஷ்பார்